எதிர்க்கடைக் கஞ்சி

"இந்த நோன்பு முடியறதுக்குள்ள அந்த இலியாஸோட கஞ்சியை ஊரே மறக்கணும். மறக்க வைக்கலைன்னா நான் கவுஸ் இல்ல!"

கவுஸ் பாய் இந்தச் சபதத்தை எடுத்தது ஐந்தாம் நோன்பு திறந்த கையோடு. வாயில் பாதி வடை இருந்தது. அதனால் சபதத்தின் பின்பாதி சரியாகக் கேட்கவில்லை.

"முழுங்கிட்டுச் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி ஹஃபீசா.

சபதத்துக்குக் காரணமே அவள்தான். பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வந்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். பிஸ்மி சொல்லி ஒரு வாய் குடித்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ்! இலியாஸ் அண்ணன் வூட்டுக் கஞ்சின்னா கஞ்சிதான்."

சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். மறுபடியும் கண்ணை மூடினாள்.

கவுஸ் பாய்க்கு அந்த மூடிய கண்தான் தைத்தது. கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது. பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "கரை கொஞ்சம் அகலம்" என்றாள். ஊட்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "குளிருது" என்றாள். தெருவிலேயே முதல் ஆளாகக் கிரைண்டர் வாங்கிப் போட்டார். "சத்தம் போடுது" என்றாள். எதற்கும் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கஞ்சிக்கு இரண்டு தடவை மூடுகிறாள்!

இங்கே கவுஸ் பாயைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். அரியலூர் கடைவீதியில் தார்ப்பாய், கயிறு, சாக்கு என்று முப்பத்தெட்டு வருஷம் கடை நடத்தியவர். சிமெண்ட் லாரியானாலும் சுண்ணாம்புக்கல் லாரியானாலும் வானம் கறுத்தால் அவர் கடை வாசலில்தான் வந்து நிற்கும். கயிற்றை முகர்ந்து பார்த்தே எந்த ஊர்த் தென்னை என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்தான். லெப்பைக்குடிக்காட்டில் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் கடைசி பஸ்ஸில்தான் வந்து இறங்குவார். வீடு என்று ஒன்று எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஓடியது. அவ்வளவுதான்.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. எதிர்க்கடை. வீதிக்கு அந்தப் பக்கம் தர்மன் என்பவரும் தார்ப்பாய்க் கடைதான் வைத்திருந்தார். கவுஸ் பாய் கல்லாவில் உட்கார்ந்தபடியே தர்மன் கடை வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பார். மூன்று ஜோடி கிடந்தால் மோர் உள்ளே இறங்காது. ஐந்து ஜோடி கிடந்தால், தன் கடையில் வேலை பார்ப்பவர்களின் செருப்பையெல்லாம் கொண்டு வந்து வாசலில் பரப்பச் சொல்வார். அந்த வயிற்றெரிச்சலிலேயே கடை பெருத்தது. வீடு எழும்பியது. மகள் அஸ்ரின் துபாய் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

இரண்டாயிரத்து நாலில் மூட்டுவலி வந்தது. "அத்தா, போதும். நீங்க வூட்டுல இருங்க" என்று மகன் அஸ்லாம் கடையை வாங்கிக்கொண்டான், குடும்பத்தோடு அரியலூருக்கே போய்விட்டான். கவுஸ் பாய் வீட்டில் உட்கார்ந்தார். அங்கேதான் சிக்கல். வீட்டுக்கு எதிரே கடை இல்லை. ஒரு வேப்பமரம்தான் நின்றது. வேப்பமரத்தோடு யார் போட்டி போடுவது?

அதனால் ஹாலில் சோபாவைப் போட்டு, அதையே கல்லா ஆக்கிக்கொண்டார்.

"ஹஃபீசா, ரெண்டு டீ!"

"ஒரு ஆளு உக்காந்துக்கிட்டு என்னாத்துக்கு ரெண்டு?"

"பழக்கம். யாராச்சும் லாரிக்காரன் வந்தா?"

"வூட்டுக்குள்ள லாரி எங்கேருந்துங்க வரும்?"

குடித்த டம்ளரை அவர் அடுப்படிக்குக் கொண்டுபோனதில்லை. பருப்பு டின்னில் 'பழைய சரக்கு' என்றும் 'புதுச் சரக்கு' என்றும் சீட்டு ஒட்டினார். துடைப்பம் ஏன் இந்த மூலையில் இருக்கிறது என்று விசாரணை வைத்தார். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பாப்பாத்தியும் மகள் பிரசவத்துக்கு விக்கிரமங்கலம் போய்விட்டாள். ஹஃபீசா ஒற்றை ஆளாகச் சமைத்து, துவைத்து, துலக்கி, நடுவில் விசாரணைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சும்மா இருக்கிறாரே என்று ஜமாஅத்தில் கவுஸ் பாயைக் கஞ்சிக் கமிட்டியில் போட்டார்கள். நோன்பு மாதத்தில் தினமும் ஒரு வீட்டார் முறை. வெங்காயம், பூண்டு, தேங்காய் எல்லாம் அந்த வீட்டிலிருந்தே உரித்து, துருவி, அரைத்து வர வேண்டும். பள்ளிவாசல் கொட்டகையில் பெரிய தேக்சாவில் கஞ்சி காய்ச்சுவார்கள். வாசல் கரும்பலகையில் 'இன்றைய கஞ்சி இன்னார்' என்று சாக்பீஸில் எழுதுவார்கள். மறுநாள் அழித்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு நாளுக்கு மட்டும் சாக்பீஸ் கிடையாது. இருபத்தேழாங் கிழமை, அதாவது நோன்பு மாதத்தின் புனித இரவு, வருகிற சாயங்காலத்துக் கஞ்சி. அதைக் கொடுக்கிற வீட்டாரின் பெயர் சுவரில் பெயிண்ட்டில் இருக்கும். வருஷா வருஷம் அவர்களுக்குத்தான் அந்த நாள். மூன்று தலைமுறையாகக் கொடுத்துவந்த குடும்பம் சென்னைக்குக் குடிபோய்விட, சுவரில் அந்த இடம் இப்போது வெள்ளையாகக் கிடந்தது. கவுஸ் பாய் தொழுகைக்குப் போகும்போதும் பார்ப்பார். வரும்போதும் பார்ப்பார். முப்பத்தெட்டு வருஷம் கடைக்குப் போர்டு வைத்தவர். இப்போது அந்தப் போர்டில் அஸ்லாம் பெயர். தன் பெயர் எங்குமே இல்லை என்பது அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த இடத்துக்குத்தான் இலியாஸும் கண் வைத்திருந்தார். ஒரே சுவர் தடுத்த பக்கத்து வீடு. பெரம்பலூரில் அத்தர் கடை நடத்தி ஓய்ந்தவர். பக்கத்தில் வந்து நின்றாலே கல்யாண வீட்டு வாசம். ஜமாஅத் தலைவர் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் கேக்குறீங்க. உங்க உங்க முறைக் கஞ்சி முடியட்டும். எது ஊரு வாயில நிக்குதோ, பாத்துச் சொல்றோம்."

மழைக்காலமானதால் கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டியது கவுஸ் பாய்தான். சொந்தச் சரக்கு. முடிச்சும் சொந்தக் கை. இலியாஸ் முறையான ஐந்தாம் நோன்பு அன்று ஊற்றிய மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ஆனால் எவன் அண்ணாந்து பார்த்தான்? எல்லாரும் குனிந்து தேக்சாவைப் பார்த்தார்கள். "இலியாஸ் பாய் கஞ்சி, இலியாஸ் பாய் கஞ்சி" என்று இரண்டாவது தூக்குவாளியோடு வந்து நின்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவள் கண்ணை மூடுகிறாள்.

வடையை விழுங்கிவிட்டுக் கவுஸ் பாய் மறுபடி ஆரம்பித்தார்.

"ஹஃபீசா, ஒரு வேலை செய்யி. மர்ஜியாகிட்ட நைசா கேளு. அந்தக் கஞ்சியில என்னா போட்டானுவன்னு."

மர்ஜியா இலியாஸின் மனைவி. கொல்லைப்பக்கச் சுவரில் ஒரு செங்கல் விழுந்த ஓட்டை உண்டு. இரண்டு பெண்களுக்கும் அதுதான் பேச்சுக்கச்சேரி.

"அடுத்த வூட்டு அடுப்பை எப்படிங்க போய் வேவு பாக்குறது? அதுவும் நோன்பும் அதுவுமா?"

"இது வேவு இல்ல. வியாபாரம். தர்மன் எந்த மில்லுல தார்ப்பாய் எடுத்தான்னு நான் எப்படிக் கண்டுபுடிச்சேன்? அவன் கடைக் குப்பையைக் கிளறித்தான்."

"இத்தனை வருஷத்துல இதை இன்னிக்குத்தான் சொல்றீங்க" என்று ஹஃபீசா எழுந்து கொல்லைக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள். முகத்தில் பெரிய ரகசியம் தெரிந்தவளின் கனம்.

"சாமான்ல ஒண்ணும் இல்லையாங்க. எல்லாம் கையிலதான் இருக்காம்."

"எந்தக் கையில?"

"கஞ்சி குடுக்குற ஆம்பளை கையில. வெங்காயம், பூண்டு எல்லாம் அவரே உரிக்கணுமாம். அப்பத்தான் அந்த மணம் வருமாம். இலியாஸ் அண்ணன் மொதப் பிறையிலேருந்து தினம் வூட்டுச் சமையலுக்கு அவரேதான் உரிக்கிறாராம். கை பழகணுமாம்ல."

"இலியாஸா? அத்தர் பாட்டிலைத் தவிர எதையும் தொறக்காத ஆளா?"

"எனக்கென்னாங்க தெரியும். மர்ஜியா சொன்னதைச் சொல்றேன். நமக்கு வேணாம், விடுங்க. உங்களுக்கு மூட்டுவலி."

"வெங்காயத்தை மூட்டுலயா உரிக்கிறாங்க? கொண்டா அந்த முறத்தை!"

இப்படித்தான் ஆறாம் நோன்பு அன்று கவுஸ் பாய் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சின்ன வெங்காயத்தின் எதிரே உட்கார்ந்தார். முதல் ஐந்து வெங்காயத்தில் கண் போனது. பத்தாவதில் மூக்கு போனது. தோலோடு சேர்த்துப் பாதி வெங்காயத்தையும் உரித்துவிட்டார்.

"என்னாங்க இது, மிளகு சைஸுக்கு வந்துருச்சு?"

"மேல்தரம் மட்டும் எடுத்துருக்கேன்" என்றார், அழுதுகொண்டே.

மூன்று நாளில் கை பழகிவிட்டது. என்ன இருந்தாலும் வியாபாரி. வெங்காயத்தைப் பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரித்து வைத்து உரித்தார். ஒன்பதாம் நோன்பு அன்று கொஞ்சம் பெருமையாகவே கேட்டார்.

"இப்ப இலியாஸு எப்படியாம்?"

ஹஃபீசா பெருமூச்சு விட்டாள். "அவரு வெங்காயத்தைத் தாண்டிப் போயிட்டாருங்க. புதினா, மல்லி ஆயிறாராம். அடுப்படியைக் கூட்டிக் கழுவி விடுறாராம். அடுப்படி சுத்தமா இருந்தாத்தான் மனசும் நிய்யத்தும் சுத்தமா இருக்குமாம்."

கவுஸ் பாய் மறுநாள் அடுப்படியைக் கூட்டினார். துடைப்பம் ஏன் அந்த மூலையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கைக்கு எட்டுகிற மூலை அது ஒன்றுதான்.

"பாத்திரம் துலக்குறாராம்."

துலக்கினார்.

"துணி தொவைக்கிறாராம்."

"ஏ, நில்லு! கஞ்சிக்கும் துணிக்கும் என்னா சம்பந்தம்?"

"தேக்சாவுல அகப்பை புடிக்கத் தோள்ல பலம் வேணும்ல? முறைக்காரவுங்கதானே மொதக் கிண்டு கிண்டணும். தொவைச்சாத் தோளு உரமேறுமாம். நேத்து போர்வையே தொவைச்சாராம்."

இதைக் கவுஸ் பாய் நம்பவில்லை. முப்பத்தெட்டு வருஷம் எத்தனை பேர் கதை விட்டிருப்பார்கள்! நேரில் பார்க்காமல் சரக்கு எடுக்கக் கூடாது. மத்தியானம், ஹஃபீசா லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரம். கொல்லையில் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் மூட்டுவலியை ஏற்றி, சுவருக்கு மேல் மெல்லத் தலையைத் தூக்கினார்.

அங்கே இலியாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு போர்வையின் ஒரு முனையைத் தென்னைமரத்தில் கட்டி, மறுமுனையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

கவுஸ் பாய்க்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அதிலும் அந்த முறுக்கு! கயிறு வியாபாரி இவர்; முறுக்குகிறவன் அத்தர்க்காரன்! குடத்திலிருந்து இறங்கினார். நேராக உள்ளே போனார்.

"ஹஃபீசா, நம்ம வூட்டுல எத்தனை போர்வை இருக்கு?"

"ஏழு."

"எல்லாத்தையும் எடு."

சாயங்காலம் துபாயிலிருந்து அஸ்ரின் போன் பண்ணினாள்.

"அத்தா! போர்வை தொவைக்கிறீங்களாமே!"

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"இங்க நம்ம ஊரு ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்த்தா. இவருகிட்ட தெனம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், எங்க அத்தாவைப் பாத்துக் கத்துக்குங்கன்னு."

கவுஸ் பாய் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லக் கேட்டார். "இலியாஸைப் பத்தி அங்க ஏதும் பேசுறாங்களா?"

பன்னிரண்டாம் நோன்பு. கவுஸ் பாய் முறை. உரித்தது, ஆய்ந்தது எல்லாம் அவர் கை. பள்ளிவாசலுக்குச் சாமான் தூக்கிக்கொண்டு போனதும் அவர் கை. கரும்பலகையில் தன் பெயரைச் சாக்பீஸில் இரண்டு தடவை தடித்து எழுத வைத்தார்.

கஞ்சி கொதித்தது. இனி உப்பு. இருக்கிறவர்கள் அத்தனை பேரும் நோன்பு. நாக்கில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அதற்காகவே கொளஞ்சி உண்டு. விறகு போட வருகிற ஆள். பதினைந்து வருஷமாகப் பள்ளிவாசல் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது அவர்தான். அகப்பையை உதறி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கி, வானத்தைப் பார்த்து, "போடலாம்" என்பார்; அல்லது "போதும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அன்றைக்கு, "போதும்" என்றார்.

கவுஸ் பாய் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"கொளஞ்சி, உண்மையைச் சொல்லு. ஊருலேயே ரெண்டு கஞ்சியையும் பட்டப்பகல்ல ருசி பாத்த ஆளு நீ ஒருத்தன்தான். இலியாஸு கஞ்சி நல்லா இருந்துச்சா, என் கஞ்சி நல்லா இருக்கா?"

"ரெண்டுலயும் உப்பு சரியா இருந்துச்சு முதலாளி."

"உப்பைக் கேக்கல. ருசியைக் கேட்டேன்."

"எனக்கு உப்புப் பாக்குற வேலைதான் முதலாளி குடுத்துருக்காங்க."

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. ஊர் குடித்தது. கவுஸ் பாய் தூண் ஓரமாக நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். யாராவது கண்ணை மூடுகிறார்களா? ஜமாஅத் தலைவர் ஒரு கிண்ணத்தை முடித்து, தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! பிரமாதம் கவுஸு. அப்படியே இலியாஸ் கஞ்சி மாதிரியே இருக்கு!"

கவுஸ் பாய் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். கஞ்சி நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். 'மாதிரியே' என்றால்? சுத்தமான டூப்ளிகேட் சரக்கு என்றல்லவா அர்த்தம்!

இருபதாம் நோன்பில் கமிட்டி கூடியது. தலைவர் சொன்னார்: "ரெண்டும் ஒரே ருசி. யாரையும் ஒதுக்க முடியல. ரெண்டு வூட்டுப் பேரையும் சேத்தே பெயிண்ட்ல எழுதிடுவோம். ரெண்டு பேரும் சேந்து குடுங்க."

"யாரு பேரு மொதல்ல?" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெங்காயம் பூண்டு இங்கேயே கொட்டகையில உக்காந்து ரெண்டு பேரும் உரிங்க. தேங்காயை அவங்கவங்க வூட்டுல துருவி எடுத்துட்டு வாங்க. யாரு வூட்டுத் தேங்காய் மொதல்ல வருதோ அவுங்க பேரு மொதல்ல. போதுமா?"

அந்த நாளும் வந்தது. லுஹர் தொழுதுவிட்டு இருவரும் தார்ப்பாய்க்குக் கீழே எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் வெங்காய மலை. ஒருவர் விரலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கையிலும் நகம் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தது.

கடைசியில் இலியாஸ்தான் வாயைத் திறந்தார். குரல் கம்மியிருந்தது. வெங்காயத்தாலா, மனதாலா, தெரியவில்லை.

"உங்களை என்னால முந்த முடியாது கவுஸ் அண்ணே. ஒத்துக்குறேன். ஒரே நாள்ல ஏழு போர்வை! நான் செவுத்து மேல ஏறிப் பாத்தேன். மயக்கமே வந்துருச்சு."

கவுஸ் பாய்க்கு உள்ளே தேன் ஊறியது. பெருந்தன்மையாகச் சொன்னார். "அட, நீ ஆரம்பிச்சு வச்சதுதானே இலியாஸு. மொதப் பிறையிலேருந்து வெங்காயம் உரிச்சது நீதானே."

"நானா? நான் உரிக்க ஆரம்பிச்சதே ஆறாம் நோன்புலதானே! நீங்க மொதப் பிறையிலேருந்து உரிக்கிறீங்கன்னு மர்ஜியா சொன்னா. அதுனாலதான் நானும் உக்காந்தேன்."

"நான் ஆறாம் நோன்புலதான் ஆரம்பிச்சேன்! நீ உரிக்கிறேன்னு ஹஃபீசா சொன்னா. அதுனாலதான்..."

இரண்டு வெங்காயமும் இரண்டு கையில் அப்படியே நின்றன.

"போர்வை?" என்றார் கவுஸ் பாய் மெதுவாக.

"நீங்க தொவைச்சீங்கன்னு சொன்னா, தொவைச்சேன்."

"நீ தொவைச்சதைப் பாத்துத்தானே நான் தொவைச்சேன்!"

பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சி, கேட்காமலே, வானத்தைப் பார்த்து, "போதும்" என்றார்.

"இலியாஸு" என்று எழுந்தார் கவுஸ் பாய். "நான் முப்பத்தெட்டு வருஷம் வியாபாரம் பண்ணவன். நீ முப்பது வருஷம். ரெண்டு பேரையும் ஒரு செங்கல் ஓட்டை வழியா வித்துட்டாளுவ."

"இனிமே தொடக் கூடாதுண்ணே! தேங்காயை அவங்களே துருவட்டும்!"

"கையக் குடு!"

கை கொடுத்துக்கொண்டார்கள். மிச்ச வெங்காயத்தை மட்டும் உரித்து முடித்தார்கள். பாதியில் விட மனசு வரவில்லை, கை பழகிவிட்டது. பிறகு ஆளுக்கொரு வாசலுக்குள் புயலாக நுழைந்தார்கள்.

"ஹஃபீசா! நானும் இலியாஸும் பேசிட்டோம். எல்லாக் குட்டும் ஒடைஞ்சுருச்சு!"

ஹஃபீசா தரையில் உட்கார்ந்து தேங்காய் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பதறவில்லை.

"உக்காருங்க. நோன்பு வச்சுக்கிட்டு இப்படி ஓடி வரலாமா?"

"எதுக்குடி அப்படிச் சொன்னே? அஞ்சாம் நோன்பு கஞ்சியில அவன் ஒரு வெங்காயம்கூடத் தொடலையாம்!"

"ஆமாங்க, தொடலை. அதுக்கு உரிச்சது, ஆய்ஞ்சது, துருவுனது, அரைச்சது எல்லாம் மர்ஜியாவும் நானும்தான். அவ ஒருத்தியால முடியலன்னு காலையிலேருந்து நான்தான் கூட உக்காந்தேன். இங்க வந்து உங்களுக்குப் பதினோரு மணிக்குப் பருப்பு டின்னைப் பத்திப் பதில் சொல்லிட்டு, திரும்பப் போய் அரைச்சேன்."

கவுஸ் பாய் சோபாவில் உட்கார்ந்தார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப... அன்னிக்கு அந்தக் கஞ்சியைக் குடிச்சுட்டுக் கண்ணை மூடுனியே? ரெண்டு தடவை?"

"அது ருசியில இல்லைங்க. அசதியில."

இருபது நாளாக நெஞ்சில் எரிந்துகொண்டிருந்த அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. மனைவி கையால் அரைத்த கஞ்சியைப் பார்த்தா இவ்வளவு நாள் வயிறெரிந்தார்?

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, ஒத்தாசைக்கு வாங்கன்னு."

"சொல்லலையா? நீங்க கடையை விட்ட நாள்லேருந்து சொன்னேன். 'பாப்போம்'னீங்க. அப்புறம்தான் யோசிச்சேன். எதிர்க்கடை இல்லாம உங்களுக்கு எந்த வேலையும் ஓடாதே. அதான் ஒண்ணு வச்சுக் குடுத்தேன்."

கவுஸ் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றாலும் விறைப்பு போகக் கூடாது.

"சரி. நடந்தது நடந்துருச்சு. ஆனா இனிமே நடக்காது. இந்தத் தேங்காயை நான் தொட மாட்டேன். இலியாஸும் தொட மாட்டான். கை குடுத்துருக்கோம்."

"சரிங்க" என்றாள் ஹஃபீசா. துருவுமணையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "இருபது மூடி இருக்கு. நான் அஸர் தொழுகைக்குள்ள முடிச்சாப் பாக்கலாம். இல்லேன்னா அவங்க பேரு மொதல்ல இருந்துட்டுப் போவுது. பெயிண்ட்டுதானே. நூறு வருஷம் ஒண்ணும் இருக்காது. ஒரு அம்பது வருஷம் இருக்கும்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

சரக். சரக். சரக்.

கவுஸ் பாயின் காது நிமிர்ந்தது. தேங்காய் துருவுகிற சத்தம். நல்ல வேகம்.

"யாரு அது துருவுறது? மர்ஜியாவா?"

"மர்ஜியா தோள்ல வலின்னு காலையிலேயே படுத்துட்டாளே" என்றாள் ஹஃபீசா, மூடியில் ஒட்டியிருந்த நாரைக் கிள்ளிக்கொண்டே.

"துரோகி!" கவுஸ் பாய் துள்ளி எழுந்தார். "இப்பத்தான் கை குடுத்தான்! ஈரம்கூடக் காயல! கொண்டா அந்தத் துருவுமணையை!"

"நீங்க கை குடுத்துருக்கீங்களேங்க..."

"கொண்டாங்குறேன்ல!"

உட்கார்ந்தார். மூடியை எடுத்தார். முப்பத்தெட்டு வருஷ வேகமும் அந்த மணைப்பல்லில் இறங்கியது. சரக் சரக் சரக் சரக். பூவாகக் கொட்டியது. ஒரு மூடி முடிந்தது. இரண்டாவதில் பாதி போயிருக்கும். திடீரென்று அந்தப் பக்கத்துச் சத்தம் நின்றது. செங்கல் ஓட்டை வழியாக மர்ஜியா தன் புருஷனிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"இந்தாங்க, நான் சும்மா ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்தேன், தோளு வலிக்குது. கேட்டுச்சா அங்க சத்தம்? கவுஸ் அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு! கை குடுத்தாரு, கை குடுத்தாருன்னீங்க?"

அதற்கு மேல் இலியாஸின் கர்ஜனை. "துரோகி! நவுரு அந்தாண்ட!"

கவுஸ் பாயின் கை நின்றது. மெல்லத் திரும்பி ஹஃபீசாவைப் பார்த்தார். அவள் சுவரில் தலையணையை முட்டுக் கொடுத்து, காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்ணை மூடியிருந்தாள். அசதி இல்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவர் செய்த ஒரு காரியத்துக்காக மூடிய கண்.

திறக்காமலே சொன்னாள்:

"நிறுத்தாதீங்க. நீங்க ஒண்ணரை மூடி முந்தி இருக்கீங்க."

கவுஸ் பாய் கைலியை ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மிச்சப் பாதியைத் துருவ ஆரம்பித்தார்.